வைக்கோல் தொப்பி யாருடையது?

வணக்கம் சார்,

ஒன்பது வருடமாக டப்ளினில் வேலை பார்க்கிறேன். ஜூன் 16 வந்தால் லீவு போட்டுவிடுவேன். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யூலிசஸ்’ நாவல் நடக்கும் நாள் அது. கதாநாயகன் ப்ளூமின் பெயரால் இங்கே அதை ‘ப்ளூம்ஸ்டே’ என்று கொண்டாடுவார்கள். காலையில் வீட்டில் ஆட்டுக் குண்டிக்காய் மிளகு வறுவல். (ப்ளூம் சாப்பிடுவது பன்றியுடையது. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.) அப்புறம் வைக்கோல் தொப்பியும் கோடு போட்ட கோட்டும் மாட்டிக்கொண்டு, நாவலில் ப்ளூம் சோப்பு வாங்கும் ஸ்வெனி கடைக்குப் போய் எலுமிச்சை சோப்பு வாங்குவேன். இதுவரை ஏழு சோப்பு சேர்ந்துவிட்டது. ஆனால் புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டியதே இல்லை. ‘படிக்காத புத்தகத்துக்கு என்னய்யா திருவிழா?’ என்று ஒரு நண்பர் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து உறுத்துகிறது.

கே., டப்ளின்

அன்புள்ள கே.,

நண்பர் கேட்டது நியாயம்தான். ஆனால் 1954இல் முதல் ப்ளூம்ஸ்டேயைக் கொண்டாடியவர்களும் பாதியில் நின்றவர்கள்தான். கவிஞர் பாட்ரிக் கவனா, நாவலாசிரியர் ஃப்ளான் ஓ’பிரையன், ஓவியர் ஜான் ரையன் எல்லாம் சேர்ந்து, நாவல் தொடங்கும் சாண்டிகோவ் கோபுரத்தடியிலிருந்து குதிரை வண்டி கட்டிக்கொண்டு, கதை போகிற வழியெல்லாம் போவதாகத் திட்டம். வழியில் அங்கங்கே இறங்கித் தாகசாந்தி செய்துகொண்டதில், பெய்லி மதுக்கடையோடு ஊர்வலம் படுத்துவிட்டது. அவர்கள் தெருவில் நின்றார்கள், நீங்கள் புத்தகத்தில்.

எனக்குக் குறை உங்கள் உடுப்பில்தான். ப்ளூம் அன்று முழுக்கக் கறுப்பு உடையில் அலைகிறார். தெரிந்தவர் ஒருவரின் அடக்கத்துக்காகப் பதினொரு மணிக்கு அவர் கிளாஸ்நெவின் இடுகாட்டில் இருக்க வேண்டும். நாவலின் இன்னொரு நாயகனான இளைஞன் ஸ்டீபனும் இறந்துபோன அம்மாவுக்காகக் கறுப்புதான் உடுத்தியிருக்கிறான். பழைய கால்சட்டை ஒன்றைத் தருகிறேன் என்று நண்பன் சொல்லும்போது, சாம்பல் நிறம் என்பதால் வேண்டாம் என்றுவிடுகிறான். இந்தத் துக்க வீட்டில் வைக்கோல் தொப்பி போட்டவன் யார் தெரியுமா? பாய்லன். அன்று மாலை நாலு மணிக்கு ப்ளூம் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவர் மனைவியைத் தேடி வருகிறவன். மதியம் தெருவில் அந்தத் தொப்பி கண்ணில் பட்டதும் ப்ளூம் பதறிப்போய் மியூசியத்துக்குள் நுழைந்துகொள்கிறார். வருடா வருடம் யார் வேஷத்தில் ஊரைச் சுற்றுகிறீர்கள் பாருங்கள். வீட்டில் சொல்லாதீர்கள்.

கறுப்பு உடையால் இன்னொரு வேலையும் நடக்கிறது. கால்சட்டையை மாற்றியதில் வீட்டுச் சாவி பழையதன் பையிலேயே தங்கிவிட்டது. நடுநிசிக்கு மேல் ஸ்டீபனைக் கூட்டிக்கொண்டு எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீட்டு வாசலுக்கு வருகிற ப்ளூம், பைக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு, கம்பி வேலியேறிக் குதித்து, கீழ்ப்பக்கமாக அடுக்களை வழியே போய்த் தன் வீட்டுக் கதவைத் தானே திறக்க வேண்டியிருக்கிறது. அந்த வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். கதவை மட்டும் ரையன் காப்பாற்றித் தன் பெய்லி கடையில் வைத்திருந்தார். இன்று அது நார்த் கிரேட் ஜார்ஜ் தெருவில், ஜாய்ஸ் மையத்தில் நிற்கிறது. வருகிற ஜூனில், ப்ளூம் மதியம் சாப்பிடும் சீஸ் சாண்ட்விச்சை விட்டாலும் அதைப் பாருங்கள்.

சரி, படிப்பு விஷயம். மூன்றாவது அத்தியாயத்தில் கடற்கரை மணலில் ஸ்டீபன் தலைக்குள் ஓடுகிற தத்துவத்தில் மாட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. நானும் மூன்று முறை அங்கேதான் கவிழ்ந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு நாலாவதைத் திறங்கள். கடிகாரம் மறுபடி காலை எட்டுக்குத் திரும்பியிருக்கும். ப்ளூம் மனைவிக்குக் காலைச் சாப்பாட்டுத் தட்டு தயார் செய்கிறார். பூனை காலைச் சுற்றுகிறது. அது மியாவ் என்று கத்துவதில்லை. முதலில் ம்க்ஞாவ், பால் வரப்போகிறது என்றதும் ம்ர்க்ஞாவ், பொறுமை போகப் போக ம்ர்க்ர்ஞாவ். வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். கொஞ்ச நேரத்தில் அடுப்பில் குண்டிக்காய் வேகும், ப்ளூம் மிளகுத்தூளை விரலிடுக்கால் வட்டமாகத் தூவுவார். உங்கள் வீட்டு வறுவலில் மிளகாவது சரியாகத்தான் இருந்திருக்கிறது. அப்புறம் அவர் மாடிக்குப் போய் மனைவியோடு பேசிக்கொண்டே நிற்க, அது கருகுகிறது. கருகினதை வெட்டிப் பூனைக்குப் போடுகிறார்.

தனியாகப் படிக்க ஓடவில்லையென்றால் ஸ்வெனியிலேயே உட்காருங்கள். அது இப்போது மருந்துக்கடை இல்லை. தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், ஜாய்ஸை உரக்க வாசிக்கிறார்கள். அங்கே ப்ளூமின் பாக்கி ஒன்று வேறு இருக்கிறது. அவர் போனது மனைவிக்கு முகத்தில் பூசும் திரவம் சொல்லி வைக்க. போகிற போக்கில் சோப்பை எடுத்துக்கொண்டு, பிறகு வந்து சேர்த்துத் தருகிறேன் என்று கிளம்பினவர், சோப்பைப் பை மாற்றிப் பை மாற்றி ஊரெல்லாம் சுமந்தாரே தவிர, திரும்பிப் போகவே இல்லை. ராத்திரி செலவுக் கணக்கில் மட்டும் சோப்பு நாலு பென்ஸ் என்று வந்துவிடுகிறது. நீங்கள் ஏழு சோப்புக்குக் காசு கொடுத்துவிட்டீர்கள் இல்லையா? அதில் ஒன்றை அவர் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.