கோவில் வாசலில் படுத்திருப்பவருக்காகக் கையெழுத்துப் போடுவது யார்?

கேள்வி: டர்பனில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் வாசலில் இரண்டு மாதமாக ஒருவர் படுத்துக் கிடக்கிறார். தனக்குத் தானே பேசுகிறார். சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளுகிறார். ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். சொந்தக்காரர் யாரும் இல்லை. பேயோட்ட வேண்டும் என்கிறார்கள் சிலர்; போலீசைக் கூப்பிடு என்கிறார்கள் சிலர்.
– வின்சென்ட் தே பால் சபை உறுப்பினர், சாட்ஸ்வொர்த்

பதில்: ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் பேயோட்டக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1172 சொல்கிறது. இந்தப் பேச்சை அதோடு முடித்துவிடலாம்.

போலீசுக்கும் எல்லை உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, நோயினால் தனக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு செய்யக்கூடும் என்று தெரிந்தால்தான் அவர்கள் அழைத்துப் போகலாம். முணுமுணுத்தபடி படுத்திருப்பவருக்கு அது பொருந்தாது.

உங்களுக்கு உதவுவது அதே சட்டத்தின் படிவம் 4: சிகிச்சைக்கு வர மறுப்பவரைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம். சொந்தம்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த நபரோடு நெருங்கிய தொடர்பில் உள்ளவரையும், அவர் நலனில் மெய்யான அக்கறை உள்ளவரையும் ‘அசோசியேட்’ என்று சட்டம் ஏற்கிறது. தினமும் டீ கொடுக்கும் உங்களில் ஒருவர் அப்படி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பவர் அதற்கு முந்தைய 7 நாளுக்குள் அவரைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்த தேதி, நேரம், இடத்தை எழுதுங்கள். “புத்தி சரியில்லை” என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. “மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, செவ்வாய் இரவு நடுரோட்டில் நின்றார்” என்று எழுதுங்கள். மனநலப் பணியாளர் இருவர் தனித்தனியே பரிசோதிப்பார்கள். பிறகு 72 மணி நேரக் கண்காணிப்பு. போக முகவரி இல்லாதவரை அதன்பின் அனுப்பிவிட்டால் நேரே தெருவுக்குத்தான் திரும்புவார். ஆகவே சேர்க்கும் அன்றே வார்டில் உங்கள் ஃபோன் நம்பரைக் கொடுத்து, அனுப்புமுன் அழைக்கச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு: நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று குழம்பினால், காய்ச்சலோ தலைக்காயமோ இருந்தால், குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி இல்லாததைக் கண்டால், படிவமெல்லாம் அப்புறம். உடனே ஆம்புலன்ஸுக்கு 10177.

கேள்வி: கோவில் ஹாலில் இப்படிப்பட்ட ஏழெட்டுப் பேரைத் தங்கவைக்கலாமா?

பதில்: மனநோயுள்ள 5 பேர் அல்லது அதற்கு மேல் என்றால், தங்குமிடமோ பகல் இல்லமோ, உரிமம் வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். 2016இல் கவுட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற மனநலப் பராமரிப்பு நிலையத்திலிருந்து முறையான உரிமமில்லாத இல்லங்களுக்கு நோயாளிகளை மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள். டர்பன் இம்மானுவேல் பேராலயத்தை ஒட்டி 2015இல் திறந்த டெனிஸ் ஹர்லி மையத்தில் வீடற்றோருக்குச் சாப்பாடும் கிளினிக்கும் உண்டு. முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

கேள்வி: தெருவில் இருப்பவர்களின் மனநோய் மாத்திரைப் பையைத் திருடிவிடுகிறார்கள்.

பதில்: வாரக்கணக்கில் உடம்பில் தங்கி வேலை செய்யும் மனநோய் ஊசி பற்றி கிளினிக்கில் கேளுங்கள். பெரும்பாலும் 4 வாரத்துக்கு ஒன்று. திருடு போக ஏதுமில்லை. ஊசி நாளைக் கோவில் காலண்டரில் குறித்து ஒருவர் கூடப் போகட்டும். உடம்பு விறைத்தாலோ ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்தாலோ அது பிடிவாதமல்ல, மருந்தின் பக்கவிளைவு. நர்ஸிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த ஊசிக்கு வரமாட்டார். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள்: ஹாலோபெரிடால் உட்படப் பல மனநோய் மருந்துகளின் அளவை அது ரத்தத்தில் குறைத்துவிடும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவருக்கு டர்பன் வெயிலில் தண்ணீர் குறைந்தால் மருந்தே நஞ்சாகும்; வாந்தி, நடுக்கம், தள்ளாட்டம் கண்டால் அன்றே ஆஸ்பத்திரி.