சாய் தலைமைல ஏன் எப்பவும் ஐஏஎஸ் அதிகாரிங்களே இருக்காங்க? முன்னாள் வீரர்களைப் போட்டா மெடல் கூடுமா?

கேட்டவர் கேள்விக்குக் கீழயே விளக்கமும் எழுதியிருக்கார். பாரிஸ் ஒலிம்பிக்ல 117 பேர் போய் ஆறே மெடல், அதுல தங்கம் ஒண்ணுகூட இல்ல, சாய், அதாவது ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி ஆஃப் இந்தியான்னு இவ்ளோ பெரிய ஆபீஸ வச்சுக்கிட்டு என்ன பிரயோஜனம், மேல உக்காந்திருக்கிறவங்க யாருமே ஓடுனவங்க ஆடுனவங்க இல்லையே, என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, நல்லா ஓடுவா, இவங்கள நம்பி ஹாஸ்டல்ல சேக்கலாமான்னு. கோவம் நியாயம்தான் சார், ஆனா அது போய் விழ வேண்டிய எடம் வேறன்னு எனக்குத் தோணுது.

நான் மயிலாடுதுறைக்காரன். ராஜன் தோட்டத்துல இருக்கிற சாய் கிரவுண்டுலதான் ஸ்கூல் படிக்கறப்ப சாயங்காலமெல்லாம் ஓடுவோம், ஹாஸ்டல் பசங்க இல்ல, சும்மா ஊர்ப் பசங்க. எங்களுக்குத் தெரிஞ்ச சாய்னா அங்க கழுத்துல விசில் தொங்கவிட்டுக்கிட்டு, கைல நோட்டோட நிக்கிற கோச் மட்டும்தான். இதுக்கு டெல்லில ஒரு தலைவர் இருக்கார், அவருக்கு மேல ஒரு மினிஸ்டர் இருக்கார்னெல்லாம் யாரு யோசிச்சா? பின்னாடி ஆர்வத்துல இதைப் பத்தி நெறைய படிச்சேன், அந்த அளவுலதான் இந்தப் பதில், உள்ள வேலை பாத்தவன் இல்ல.

மொதல்ல ஒரு திருத்தம், எப்பவும் ஐஏஎஸ்தான்ங்கிறது சரியில்ல. 2018ல சாய நடத்துற டைரக்டர் ஜெனரலா, சுருக்கமா டிஜியா, வந்த நீலம் கபூர் இந்தியத் தகவல் பணி அதிகாரி, பத்திரிகை தகவல் அலுவலகத்துல இருந்து வந்தவங்க. அவங்களுக்கு அடுத்து வந்த சந்தீப் பிரதான் ஐஆர்எஸ், வருமானவரித் துறைப் பக்கம். ஆக ஐஏஎஸ்ஸோ வேற சர்வீஸோ, வர்றவங்க அரசு அதிகாரிங்க, அவ்ளோதான்.

ஏன் இப்படின்னா அது பொறந்த விதம் அப்படி. 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லில வரிசையா ஸ்டேடியம் கட்டுனாங்க, புதுப்பிச்சாங்க, போட்டி முடிஞ்சதும் இதையெல்லாம் யாரு பாத்துக்கிறதுன்னு வந்தப்ப 1984ல ஒரு சொசைட்டியா பதிவு பண்ணி ஆரம்பிச்சதுதான் சாய். அதாவது மொத வேலை கட்டடம், புல்லு, கரண்ட் பில்லு. அப்புறம் 1987ல பாட்டியாலா என்ஐஎஸ்ஸ நடத்திக்கிட்டிருந்த சொசைட்டியையும் இதோட சேத்துட்டாங்க, கோச்சுகளை உருவாக்குற எடம் அது, அந்தக் காலத்து மகாராஜா அரண்மனைக்குள்ள இருக்கு. ஸ்டேடியத்தப் பாத்துக்கிற ஆபீஸும் ஆள உருவாக்குற ஸ்கூலும் ஒரே குடைக்குள்ள வந்தாச்சு, மேல உக்கார நிர்வாகம் தெரிஞ்ச ஒருத்தர் வேணும், சென்ட்ரல் கவர்ன்மென்ட்ல அந்த மாதிரி ஆள் வேணும்னா எங்க இருந்து எடுப்பாங்க, சர்வீஸ்ல இருந்துதான்.

இப்ப இருக்கிற அமைப்புல கவர்னிங் பாடிக்குத் தலைவர் மத்திய விளையாட்டு அமைச்சர். தினசரி நிர்வாகம் டிஜி கைல. அவருக்குக் கீழ செக்ரெட்டரி, எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர்கள், அப்புறம் பெங்களூரு, சோனிபட், கொல்கத்தா, போபால்னு ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு ரீஜினல் டைரக்டர், அதுக்கும் கீழ ஒவ்வொரு சென்டருக்கும் ஒரு இன்சார்ஜ். இதுக்குப் பக்கத்துலயே டாப்ஸ்னு ஒரு தனி அடுப்பு எரியுது, ஒலிம்பிக்ல மெடல் வாய்ப்பிருக்கிறவங்களுக்காக 2014ல தொடங்குன திட்டம், அதுக்குன்னு தனி சிஇஓ, மிஷன் ஒலிம்பிக் செல்னு ஒரு கமிட்டி, அதுதான் யாருக்கு எவ்ளோ பணம், எந்த நாட்டுல டிரெயினிங்னு முடிவு பண்ணும். கோர் குரூப்ங்கிற முதல் லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்கு மாசம் 50,000 கைச்செலவுக்கு, மத்த செலவு தனி.

ஒண்ணு கவனிங்க, இவ்ளோ பேர் இருந்தும் டீம் செலக்‌ஷன் இவங்க கைல இல்ல. ஆளத் தேர்வு பண்றது அந்தந்த ஃபெடரேஷன், ஒலிம்பிக்குக்கு அணிய அனுப்புறது ஐஓஏ, அதாவது இந்திய ஒலிம்பிக் சங்கம், சாய் பெரும்பாலும் செலவு பாக்குற எடம். ஏசிடிசின்னு ஒரு வருஷாந்திர கேலண்டர் இருக்கு, இந்த வருஷம் எத்தனை கேம்ப், எந்த நாட்டுப் போட்டி, எத்தனை பேர்னு ஃபெடரேஷன் எழுதிக் குடுக்கும், டெல்லில உக்காந்து பேரம் பேசி முடிப்பாங்க. அதனால எது தப்பானாலும் சாய திட்றது நம்ம ஊருல பழக்கமாயிடுச்சு. 2022ல டெல்லில ஒரு ஐஏஎஸ் அதிகாரி நாயோட வாக்கிங் போகணும்னு வீரர்கள சீக்கிரமே கிரவுண்ட விட்டு அனுப்புறாங்கன்னு நியூஸ் வந்து பத்திக்கிச்சே, ஞாபகம் இருக்கா, அது தியாகராஜ் ஸ்டேடியம், டெல்லி மாநில அரசோடது, சாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா அன்னிக்கு வாட்ஸ்அப்ல சாய்தான் அடி வாங்குச்சு.

சரி, என் ஆதங்கத்துக்கு வர்றேன். பிரச்சனை அவர் எந்த சர்வீஸ்ங்கிறதுல இல்ல, எத்தனை நாளைக்கு இருக்கார்ங்கிறதுல இருக்கு. ஜிஜி தாம்சன் டிஜியா இருந்தார், 2015 தொடக்கத்துல கேரளாவுக்கு தலைமைச் செயலாளரா போயிட்டார். அடுத்து இன்ஜெட்டி ஸ்ரீநிவாஸ், நல்ல பேரு எடுத்தவர், விஷயம் தெரிஞ்சவர், டிஜியா இருந்து விளையாட்டுத் துறைச் செயலாளரா ஆனார், அப்புறம் 2017ல கம்பெனி விவகாரத் துறைக்குப் போயிட்டார், அதுக்கப்புறம் குஜராத் கிஃப்ட் சிட்டில நிதிச் சேவை ஆணையத்துக்குத் தலைவரா இருந்தார். கெட்டிக்காரரா இருந்தா இன்னும் சீக்கிரம் தூக்கிட்டுப் போயிடுவாங்க போல! மினிஸ்டர் பக்கம் பாத்தா 2014ல இருந்து பத்து வருஷத்துல சோனோவால், விஜய் கோயல், ரத்தோர், ரிஜிஜு, அனுராக் தாக்கூர், மாண்டவியான்னு லிஸ்ட் நீளுது. உங்க பொண்ணு மாதிரி ஒரு பிள்ள பதிமூணு வயசுல ஹாஸ்டல்ல சேந்தா உச்சத்துக்கு வர பத்து வருஷம் ஆகும், அதுக்குள்ள மேல நாலஞ்சு பேர் மாறிடுவாங்க, ஒவ்வொருத்தரும் வந்து ஒரு புதுத் திட்டம், ஒரு புது லோகோ.

அதிகாரிங்கன்னாலே ஃபைல ஊறப்போடுவாங்கன்னு சொல்றதுக்கும் ஒரு எதிர் உதாரணம் இருக்கு, பளுதூக்குற மீராபாய் சானு. 2021 ஏப்ரல்ல தாஷ்கண்ட்ல ஆசிய சாம்பியன்ஷிப், கிளீன் அண்ட் ஜெர்க்ல 119 கிலோ தூக்கி உலக சாதனை பண்ணாங்க. ஆனா தோள்ல பிரச்சனை இருந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் போய் ஆரன் ஹார்ஷிக்னு ஒரு பிசியோகிட்ட வேலை பாத்துட்டு வந்திருந்தாங்க, திரும்பவும் அவர்கிட்டயே போகணும். அப்ப இங்க கொரோனா ரெண்டாவது அலை உச்சம், மே முதல் வாரத்துல இருந்து இந்தியாவுல இருந்து வர்றவங்களுக்கு அமெரிக்கா கேட்ட மூடப்போகுதுன்னு அறிவிப்பு வந்தாச்சு. பணம், டிக்கெட், அனுமதின்னு எல்லாம் அரக்கப் பரக்க முடிச்சு, அந்தத் தடை வர்றதுக்கு முன்னாடியே ஏத்தி அனுப்பிட்டாங்க. ஜூலை 24, டோக்கியோல 49 கிலோ பிரிவுல வெள்ளி. அன்னிக்கு டிஜி ஒரு ஐஆர்எஸ், டாப்ஸ் சிஇஓ ராஜேஷ் ராஜகோபாலன் நேவில இருந்து வந்தவர். ஆக ஓடித்தான் பாத்திருக்கணும்னு இல்ல, எது அவசரம்னு தெரிஞ்சு கையெழுத்துப் போடத் தெரியணும்.

முன்னாள் வீரர்களைப் போட்டுப் பாக்கவே இல்லையான்னா, போட்டுப் பாத்திருக்காங்க. 2017ல அபினவ் பிந்த்ரா, அஞ்சு பாபி ஜார்ஜ், மேரி கோம், கர்ணம் மல்லேஸ்வரின்னு பெரிய பெரிய பேரா எடுத்து, அரசுக்காக ஒவ்வொரு விளையாட்டையும் மேற்பார்வை பாக்குற நேஷனல் அப்சர்வர்னு நியமிச்சாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ள மேரி கோம் விலகிட்டாங்க, ஏன்னா இன்னும் ஆடிக்கிட்டிருக்கிறவங்க அப்சர்வரா இருக்கக்கூடாதுன்னு மினிஸ்டர் சொல்லிட்டார், அந்த மினிஸ்டரும் ஏதென்ஸ்ல வெள்ளி வாங்குன ரத்தோர்தான்! பிந்த்ராவும் தன்னோட சொந்த சென்டருக்கும் இந்தப் பொறுப்புக்கும் முட்டக்கூடாதுன்னு ஒதுங்கிட்டார். ரெண்டு பேர் பண்ணதும் சரிதான். ஆனா இதுல இருந்து என்ன தெரியுதுன்னா நேத்து வரைக்கும் ஆடுனவருக்கு அந்த ஃபீல்டுல சொந்தபந்தம், அகாடமி, சிஷ்யப்பிள்ளைங்கன்னு நெறைய இருக்கும், அதையெல்லாம் வெட்டிவிட்டுட்டு வரணும். ஐஓஏல பி.டி. உஷா 2022 டிசம்பர்ல தலைவரா வந்தாங்க, அவங்களவிட பெரிய பேரு எங்க தேடுறது, ஆனா அவங்க அறிவிச்ச சிஇஓ நியமனத்த அவங்க நிர்வாகக் குழுவே ஏத்துக்காம மாசக்கணக்குல இழுபறி. டாப்ஸ்ல மட்டும் பரவால்ல, பாய்மரப் படகுப் போட்டில கேல் ரத்னா வாங்குன கமடோர் பி.கே. கார்க் சிஇஓவா இருந்தார், வீரரும் அவரே நிர்வாகியும் அவரே, அந்த மாதிரி ரெண்டும் சேந்த ஆளு கிடைச்சா அதிர்ஷ்டம்.

இங்கிலாந்து எப்படி பண்ணாங்கன்னு பாருங்க. 1996 அட்லாண்டால அவங்களுக்கு மொத்தமே ஒரு தங்கம், 36வது எடம். அப்புறம் லாட்டரிப் பணத்த இதுல கொட்டி யுகே ஸ்போர்ட்னு ஒரு ஏஜென்சி வழியா செலவு பண்ணாங்க, லண்டன்ல 29 தங்கம், ரியோல ரெண்டாவது எடம். தலைமை எப்படின்னா, சேர்மனா காத்ரின் கிரெய்ஞ்சர்னு படகு வீராங்கனை, அஞ்சு ஒலிம்பிக் மெடல் வாங்குனவங்க, 2017ல இருந்து எட்டு வருஷம் இருந்தாங்க. ஆனா ஆபீஸ நடத்துற சிஇஓ வேற ஆள். லிஸ் நிக்கோல்னு ஒருத்தவங்க, நெட்பால் ஆடுனவங்க, நெட்பால் சங்கத்த நடத்துனவங்க, 1999ல யுகே ஸ்போர்ட்டுக்கு வந்தாங்க, பத்து வருஷம் உள்ளயே வேலை பாத்து 2010ல சிஇஓ ஆகி 2019 வரைக்கும் இருந்தாங்க. அடுத்து வந்த சாலி மண்டேவும் ஹாக்கி சங்கத்த நடத்திட்டு வந்தவங்கதான். எனக்கு இதுல பிடிச்சது அந்த இருபது வருஷம். சிட்னில என்ன நடந்துச்சுன்னு ரியோ வரைக்கும் ஞாபகம் வச்சிருக்க ஒரு ஆளு அதே கட்டடத்துல இருக்காங்க. அதுக்காக அவங்கள தலையில தூக்கி வைக்க வேண்டாம், மெடல் வராத விளையாட்டுக்கெல்லாம் பணத்த ஈவு இரக்கமில்லாம வெட்டுனாங்க, ஜிம்னாஸ்டிக்ஸ்ல சின்னப் பிள்ளைங்கள கொடுமைப்படுத்துனது 2022ல அறிக்கையாவே வெளிய வந்து நாறிப்போச்சு.

நம்ம பக்கம் பணம் இல்லன்னும் சொல்ல முடியாது, பாரிஸுக்கு மட்டும் சுமார் 470 கோடி போச்சு, அதுல பேட்மிண்டனுக்கே 72 கோடி, மெடல் இல்ல. அது விளையாட்டு, நாலாவது எடமும் வரும், அதுக்காக டிஜி சட்டையப் பிடிக்க முடியாது. ஆனா 2019 ஜனவரில லோதி ரோடு தலைமை ஆபீஸ்லயே சிபிஐ நுழைஞ்சு, பில் பாஸ் பண்ண கமிஷன் கேட்டாங்கங்கிற குற்றச்சாட்டுல சாய் அதிகாரிங்களயே அரெஸ்ட் பண்ணுச்சு பாருங்க, அதுக்கு மேல இருக்கிறவங்களக் கேக்கலாம். 19 லட்சம் ரூபா பில்லு, அதுல 3 சதவீதம். அந்த நடு வரிசைதான் சார் எல்லாமே, டிஜி மாறுவார், மினிஸ்டர் மாறுவார், இவங்க அங்கயே இருப்பாங்க.

இதையெல்லாம் வச்சு உங்க பொண்ணு விஷயத்துக்கு வந்தா, டெல்லில யாரு உக்காந்திருக்காங்கங்கிறதால உங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. செலக்‌ஷன் டிரையல்ஸுக்கு கூட்டிட்டுப் போற அன்னிக்கு பொண்ணு ஓடிட்டு வர்ற நேரத்துல நீங்க சும்மா நிக்காம ஹாஸ்டல் பிள்ளைங்ககிட்ட பேச்சுக் குடுங்க. இங்க ஓட்டத்துக்கு கோச் எத்தனை வருஷமா இருக்கார், பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா, காலு பிசகுனா யாருகிட்ட காட்டுவீங்க, பிசியோ தினமும் வருவாங்களா, ராத்திரி லேடி வார்டன் அங்கயே தங்குறாங்களா, இதக் கேளுங்க, பிள்ளைங்க பொய் சொல்லாதுங்க. சென்டர் இன்சார்ஜ நேர்ல ஒரு தடவை பாருங்க. கோச் இப்பதான் வந்திருக்கார், கான்ட்ராக்ட் இன்னும் ஆறு மாசத்துல முடியுதுன்னு தெரிஞ்சா அவசரப்படாதீங்க, மாநில அரசோட எஸ்டிஏடி (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) ஹாஸ்டலும் இருக்கு, உங்க மாவட்ட விளையாட்டு அலுவலர்கிட்ட கேட்டா டிரையல்ஸ் தேதி சொல்லுவார். அங்கயும் மேல மெம்பர் செக்ரெட்டரி ஐஏஎஸ்தான், அதுக்காக வேண்டாம்னுடாதீங்க.