ஈரமில்லாத கோட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எடின்பரோவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனபோது, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் காசில் டியோரம் என்ற இடிந்த கோட்டைக்குக் கூட்டிப்போனான். கிளான்ரானால்டு குலத்தலைவன் 1715-ல் தானே அதற்குத் தீ வைத்தானாம். என்ன பைத்தியக்காரன்! இவ்வளவு அழகான கட்டடத்தை ஏன் யாரும் செப்பனிடவில்லை? அங்கே பேய் உலாவுகிறது என்கிறார்களே, உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பேயை விடுங்கள். பெயரை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கேலிக் மொழியில் அது ஏறக்குறைய 'ச்சீரம்'. உலர்ந்தது என்று பொருள். மொய்டார்ட் கடற்கழியில் நீர் வற்றினால் கோட்டை நிற்கும் தீவுக்குக் கால் நனையாமல் நடந்துவிடலாம்.

தீ வைத்த அந்தக் குலத்தலைவன் பெயர் ஆலன். ஒரு மாதமாக அவன் நினைவாகவே இருக்கிறேன். அதனால்தான் 'பைத்தியக்காரன்' என்ற சொல் சுருக்கென்றது. மகன் ஓட்டிய காரில் போய் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு, முந்நூறு வருஷம் முன்னால் செத்தவனுக்குச் சட்டென்று பட்டம் கட்டிவிட்டீர்கள்.

அவன் அரியணை இழந்து நாடு கடந்த ஸ்டூவர்ட் வம்ச மன்னன் பக்கம் நின்று பிரான்சுக்குப் போனவன். 1692-ல் அரசுப் படை கோட்டையைப் பிடித்தது. சிறு காவற்படை ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டது. அந்தச் சிறு படைதான் விஷயமே. ஐந்து பக்கச் சுற்றுமதிலை நீங்களே பார்த்தீர்கள். பத்துப் பேர் உள்ளே இருந்து நூறு பேரைத் தடுக்கத்தானே அப்படிக் கட்டுவது? பாட்டன் கட்டிய மதில் பேரனையே வெளியில் நிறுத்தியது. 1715-ல் ஸ்டூவர்ட்டுகளை மறுபடி அரியணை ஏற்ற மார் பிரபு நடத்திய கிளர்ச்சிக்குக் கிளம்பியபோது ஆலன் அதை மீட்டான். ஆனால் ஆட்கள் அவனோடு போருக்குப் போகிறார்கள். காவலுக்கு யாரை விடுவது? கொளுத்தினான். வெறி இல்லை அம்மா, கணக்கு. குலத்தைக் குறிக்கும் 'கிளான்' என்ற சொல்லுக்கே பிள்ளைகள் என்றுதான் பொருள். பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்பிய வீட்டுக்குத் தகப்பன் கொள்ளி வைத்தான். அந்த நவம்பரிலேயே ஷெரிஃப்மூர் போரில் அடிபட்டு அவனும் செத்தான்.

அதற்காக அவனைப் புனிதனாக்கவும் வேண்டாம். அந்தக் குலத்தலைவர்கள் அண்டை வீட்டு மாட்டை ஓட்டிவந்தவர்கள்தான்.

செப்பனிடுவதா? 1997-ல் வாங்கியவர் அதற்குத்தான் வாங்கினார். தொல்சின்னங்களைக் காக்கும் அரசுத் துறை அனுமதி தரவில்லை. பொது விசாரணைக்குப் பிறகும் மறுப்பே நின்றது. எனக்கு அதில் சம்மதம். ஏன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நான் போனது ஒரு அக்டோபரில். நீர் வற்ற இரண்டு மணி நேரம் கரையில் காத்திருந்தேன். நாயோடு வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், பாதி ரொட்டியைப் பிட்டுத் தந்தார். அப்புறம் மதிலைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பும்போது நாய் அக்கரையிலிருந்து குரைத்துக்கொண்டே இருந்தது. உலர்ந்த தீவிலிருந்து முழங்கால் வரை நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

அடுத்த முறை போனால் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.