அங்கன்வாடியிலும் மழலையர் பள்ளியிலும் கழிவறைப் பழக்கம், கைகழுவுதல், உடைமாற்றுதல்: கேள்வி பதில்

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இயங்கும் அங்கன்வாடிகளில் முதலில் பணியாளராகவும் பின்னர் பயிற்றுநராகவும் இருந்தவள் நான். பயிற்சிகளில் சத்துணவு, பாட்டு, கதை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறோம். கழிவறைக்கு அழைத்துச் செல்வதையும் கழுவிவிடுவதையும் மட்டும் ஆயாவின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு குழந்தை தன் உடலைப் பற்றி அறிந்துகொள்ளும் இடம் அதுதான் என்பதால், வந்த கேள்விகளுக்கு இயன்றவரை விளக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர், விருதுநகர் மாவட்டம்): இரண்டு வயது முடிந்ததும் குழந்தைகளைச் சேர்க்கிறார்கள். பாதிப் பேருக்கு ஒன்றுக்கு வந்தால் சொல்லத் தெரியவில்லை. எந்த வயதில் பழக்கத் தொடங்க வேண்டும்?

வயதைக் கணக்கிடுவதைவிட அறிகுறிகளைக் கவனிப்பது நல்லது, சகோதரி. இரண்டு மணி நேரமாவது நனைக்காமல் இருப்பது, "ஜட்டியைக் கீழே இறக்கு" என்பது போன்ற எளிய சொல்லைப் புரிந்து செய்வது, நனைந்ததும் முகம் சுளித்துத் தெரியப்படுத்துவது ஆகியவை தென்பட்டால் அந்தக் குழந்தை தயார். பெரும்பாலும் இவை ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் வரும். சிலருக்கு இன்னும் தாமதமாகும், அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

கிராமத்து வீடுகளில் நாம் மறந்துவிடும் ஒன்று உண்டு. பல குழந்தைகள் வீட்டில் ஜட்டியில்லாமல் இருந்து, வந்தவுடன் வாசலோரம் உட்கார்ந்து பழகியவர்கள். அவர்களுக்கு ஒன்றுக்குப் போவது புதிதல்ல. துணியைக் கழற்றுவதும், கதவு உள்ள அறைக்குள் தனியே போவதும்தான் புதிது. ஆகவே பொத்தானும் பெல்ட்டும் இல்லாத எலாஸ்டிக் கால்சட்டை போட்டு அனுப்பும்படி தாயாரிடம் கேளுங்கள். வீட்டில் குழந்தை "உச்சா", "மூச்சா", "ஒண்ணுக்கு" என்று எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்பதையும் சேர்க்கும் நாளன்றே கேட்டு எழுதிவையுங்கள்.

வந்தவுடன், உணவுக்கு முன், உணவுக்குப் பின், தூங்கும் முன், வீட்டுக்குக் கிளம்பும் முன் என்று வேளை வைத்து அழைத்துச் செல்வது போதும். அரைமணிக்கு ஒருமுறை கையைப் பிடித்து இழுத்துச் சென்றால், தனக்கு எப்போது வருகிறது என்பதைக் குழந்தை உணரவே வாய்ப்பிருக்காது. உள்ளே போனபின் அதனால் முடிந்ததை அதுவே செய்யட்டும்: ஜட்டியை இறக்கட்டும், சிறிய குவளையால் தண்ணீர் ஊற்றட்டும், நீங்கள் கழுவிவிட்ட பின் துணியை மேலே இழுக்கட்டும். பெண் குழந்தைகளை எப்போதும் முன்னிருந்து பின்னாகவே கழுவ வேண்டும். மலக்கிருமி சிறுநீர்ப்பாதைக்கு வராமல் இருக்க அது தேவை.

கேள்வி (உதவியாளர், கடலூர்): ஒரு பையன் துணியிலேயே போய்விட்டு மூலையில் ஒளிந்துகொள்கிறான். மற்ற பிள்ளைகள் "ஷேம் ஷேம்" என்கிறார்கள்.

அந்தச் சொற்களைப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்துதான் கற்கிறார்கள். முதலில் நம் வாயிலிருந்து அவை போக வேண்டும். "நனைந்துவிட்டது, மாற்றிக்கொள்ளலாம் வா" என்று இயல்பான குரலில் சொல்லி, மற்றவர்கள் பார்க்காத இடத்தில் மாற்றிவிடுங்கள். ஒளிந்துகொள்வது அவனுக்கு வருவது தெரிந்துவிட்டது என்பதற்கான அடையாளமும் ஆகும். அடுத்த முறை அவன் மூலையை நோக்கி நகரும்போதே அருகில் சென்று மெல்லக் கேளுங்கள்.

கேள்வி (தாய், கோயம்புத்தூர்): மூன்றரை வயது மகள் ப்ளே ஸ்கூலில் ஒன்றுக்கே போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஓடுகிறாள். இரண்டு நாளாக எரிகிறது என்கிறாள். காலையில் தண்ணீரைக் குறைத்துப் பார்க்கலாமா?

வேண்டாம், அம்மா. எரிச்சல் என்று சொல்லும் குழந்தையை இன்றே மருத்துவரிடம் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்றாக இருந்தால் அதற்கு மருந்து தேவை. காய்ச்சலும் சேர்ந்தால் சிறிதும் தாமதிக்கக் கூடாது.

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் கூடும், மலமும் இறுகும். இறுகிய மலம் வெளியேறும்போது வலிக்கும். வலித்ததை நினைத்துக் குழந்தை மீண்டும் அடக்கும். இப்படி நாட்கணக்கில் தேங்கிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து ஜட்டியில் கறையாகும்போது, வயிற்றுப்போக்கு என்றோ வேண்டுமென்றே செய்கிறாள் என்றோ தவறாக எண்ணுகிறார்கள். அந்தக் குழந்தையைத் திட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒன்று, ஏனெனில் அந்தக் கசிவு அதன் கட்டுப்பாட்டிலேயே இல்லை.

அடக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கழிவறையில்தான் இருக்கும். அனுமதி பெற்று ஒருமுறை மகளுடன் உள்ளே சென்று பாருங்கள். பெரியவர்கள் உயரத்துக்கு வைத்த வெஸ்டர்ன் கழிப்பிடத்தில் கால் தரையில் படாமல் தொங்கினால் குழந்தைக்கு விழுந்துவிடுவோம் என்ற அச்சம் வரும், முக்கவும் முடியாது. காலுக்கு ஒரு சிறு மணையும், குழந்தைக்கான இருக்கை வளையமும் அதைத் தீர்க்கும். இருட்டு, நாற்றம், ஃபிளஷ் ஓசை, தாழ்ப்பாள், "இடைவேளை வரை பொறு" என்ற கட்டளை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றும் காரணமாகலாம். கேட்ட உடனே அனுப்ப வேண்டும் என்று பள்ளியிடம் உறுதியாகச் சொல்லுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை அடக்கச் சொல்லும் எந்த ஒழுங்கையும் என்னால் ஏற்க முடியாது.

கேள்வி (தந்தை, சென்னை): மகளை அங்கே யார் கழுவிவிடுகிறார்கள் என்பதே தெரியவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ?

தயங்காமல் கேளுங்கள், ஐயா. நல்ல மையம் இதற்கான பதிலை எழுதியே வைத்திருக்கும். குழந்தைக்கு நன்கு பழகிய ஓரிருவரே இதைச் செய்ய வேண்டும். மற்றப் பிள்ளைகளின் பார்வைக்கு மறைவாகவும், இன்னொரு பணியாளரின் காதுக்கு எட்டும் தூரத்திலும் இடம் அமைய வேண்டும். கழிவறைக்குள் கைப்பேசியோ கேமராவோ கூடாது. உடை மாற்றியிருந்தால் அன்று மாலையே பெற்றோரிடம் காரணத்துடன் தெரிவிக்க வேண்டும்.

தொடுவதற்கு முன் குழந்தையிடம் சொல்வதும், "நான் கழுவிவிடட்டுமா, நீயே கழுவிக்கொள்கிறாயா?" என்று கேட்பதும் நேரத்தை வீணாக்கும் சடங்குகள் அல்ல. தன் உடலைத் தொடும் முன் பெரியவர்கள் கேட்பார்கள் என்று தினமும் பழகிய குழந்தைக்கு, கேளாமல் தொடும் கை உடனே வேறாகத் தெரியும். வீட்டில் உடலுறுப்புகளின் பெயர்களைத் தயக்கமின்றிச் சொல்லிக்கொடுங்கள். ஐயம் எழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. பள்ளியின் பெயர் கெடும் என்பது மறைப்பதற்குக் காரணமாகாது.

கேள்வி (தாய், மதுரை): நான்கு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். டயப்பர் போடுவதால் சேர்க்க முடியாது என்கிறார்கள்.

அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. அதைச் சொல்லும்போதே உதவும் மனத்துடன் செல்லுங்கள்: எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் சாய்த்தால் தசை இறுகாது என்பதை முதல் வாரத்தில் நீங்களே செய்து காட்டுங்கள். பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: திரைமறைவான இடம், கையுறை, மாற்றிய பின் இருவரும் கைகழுவுதல். அவனுக்குப் பேச வராவிட்டாலும் ஒவ்வொரு செயலையும் முன்கூட்டிச் சொல்லுங்கள். இடுப்பைத் தூக்கவோ துணியைப் பிடிக்கவோ அவனால் முடிந்தால் அதற்காகக் காத்திருங்கள்.

கேள்வி (பணியாளர், இராமநாதபுரம்): தண்ணீர்த் தட்டுப்பாடு. ஒரே பேசினில் எல்லாரும் கை கழுவலாமா?

கூடாது; கடைசியில் கழுவும் குழந்தை எல்லாருடைய அழுக்கையும் வாங்கிக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் கேனில் சிறு துளையிட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, காலால் மிதித்தால் சாயும்படி அமைத்தால், குறைந்த நீரே ஓடும் நீராகிவிடும். நனைத்தபின் நீரை நிறுத்தி, சோப்புப் போட்டு 20 விநாடிகள் தேய்க்கட்டும். அந்த நேரத்துக்கு ஒரு பாட்டுப் பாடுங்கள். ஒரே துண்டால் எல்லாருக்கும் துடைக்காமல், கையை உதறிக் காய விடுங்கள்.

கேள்வி (பாட்டி, தஞ்சாவூர்): பற்பசை எவ்வளவு வைக்கலாம்? நகம், பேன் எல்லாம் மையத்திலேயே பார்க்கலாமா?

மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும், பாட்டி. குழந்தை துலக்கியபின் பெரியவர் ஒருமுறை துலக்கிவிட வேண்டும். நகத்தைப் பெற்றோர் சம்மதித்தால் மையத்தில் வெட்டலாம். நகஇடுக்கு வழியாகப் புழு முட்டைகள் வயிற்றுக்குள் போகும் என்பதால், தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையையும் தவறவிடாதீர்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று. பேன் இருப்பதைப் பெற்றோரிடம் தனியே சொன்னால் போதும், எல்லார் முன்னிலையிலும் தலையைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஈருளி சீப்பால் வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் வாரினால்தான் பேன் திரும்பாது.