பதில்: நெறிமுறை அனுமதி கிடைத்தும் நுனாட்சியாவுட்டிலிருந்து பதில் வரவில்லை

கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழும் இனுயிட் பழங்குடிகளின் நில உரிமை ஒப்பந்தம் எப்படி அமலாகிறது என்ற உங்கள் ஆய்வுக்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டது, நேர்காணல் கேள்விகளும் தயார், ஆனால் அங்கிருந்து யாரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை, நிதி எட்டு மாதத்தில் முடிகிறது என்கிறீர்கள். சிக்கல் அந்தத் "தயார்" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

2005இல் வந்த அந்த ஒப்பந்தத்துக்குப் பின் அங்கே நுனாட்சியாவுட் என்ற தன்னாட்சிப் பகுதியில் லாப்ரடார் இனுயிட்டுகளுக்குச் சொந்த அரசு இருக்கிறது. நுனாட்சியாவுட் அரசின் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவுக்குத் தனியாக விண்ணப்பித்தீர்களா? பல்கலைக்கழகத்தின் அனுமதி அதற்கு ஈடாகாது. ஒப்பந்த அமலாக்கம் பற்றி ஆராய வந்தவரே அந்த ஒப்பந்தம் உருவாக்கிய அரசைத் தாண்டிப் போனால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

விண்ணப்பிக்கும் முன் அங்குள்ள நெயின், ஹோப்டேல் ஊர்கள் பக்கம் ஒருவரிடமாவது தொலைபேசியில் பேசுங்கள். கேள்விப் பட்டியலை அனுப்ப வேண்டாம். "இந்த ஒப்பந்தத்தில் எது உங்களுக்குச் சரியாக நடக்கவில்லை, எதை ஆராய்ந்தால் பயன்?" என்று கேளுங்கள். ஒலிப்பதிவுகள் யாரிடம் இருக்கும், வெளியிடும் முன் யார் படிப்பார்கள் என்பதையும் அப்போதே எழுத்தில் முடிவு செய்யுங்கள். தரவு மீதான உரிமையும் கட்டுப்பாடும் இனுயிட்டுகளுக்கே என்று, கனடா இனுயிட்டுகளின் தேசிய அமைப்பான இனுயிட் தபிரீத் கனாடமி 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி உத்தியில் தெளிவாகவே இருக்கிறது. மூத்தோருக்கான மதிப்பூதியம், மொழிபெயர்ப்புச் செலவு இரண்டையும் நிதியில் ஒதுக்குங்கள். வேட்டைக் காலத்தில் போய் நிற்காதீர்கள்.

எட்டு மாதத்தில் இது முழுதாக முடியாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நெறியாளரிடம் பேசி, ஆய்வேட்டைப் பொது ஆவணங்களோடு நிறுத்திக்கொண்டு, நேர்காணல்களை அவர்கள் விரும்பினால் அடுத்த கட்டமாக வையுங்கள்.