கல்விச்சபையில் பராமரிப்பு வேலை: கேள்வி பதில்

ரொறன்ரோவை அண்டிய ஒரு கல்விச்சபையில் முதலில் கேர்ரேக்கராகவும் (பாடசாலைக் கட்டடத்தைத் துப்புரவாகப் பேணுபவர்) பின்னர் வெளிவளாகப் பராமரிப்புக் குழுவிலும் நீண்டகாலம் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த வேலை குறித்து எம்மவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் தருகிறேன். நான் குறிப்பிடும் சட்டங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை.

ஐயா, நான் வந்து ஓராண்டுதான் ஆகிறது. ஊரில் தோட்டம் செய்தவன். பாடசாலை வளாகங்களில் புல், மரம் பராமரிக்கும் வேலையில் நேரடியாகச் சேர முடியுமா?

நேரடியாகச் சேர்வது அரிது. வெளிவளாகக் குழுவில் இடம் காலியானால் அது வழக்கமாக முதலில் உள்ளே இருப்பவர்களுக்கே அறிவிக்கப்படும். தொழிற்சங்க உடன்படிக்கையின்படி பணிமூப்பும் பார்க்கப்படும். ஆகவே, விடுப்பில் நிற்பவர்களுக்குப் பதிலாக இன்று ஒரு பாடசாலை, நாளை இன்னொரு பாடசாலை என்று மாலை வேளைகளில் துப்புரவு செய்யும் தற்காலிகக் கேர்ரேக்கராகத் தொடங்குவதே நடைமுறையில் உள்ள வழி. குற்றப் பின்னணிச் சோதனை இல்லாமல் எவரையும் உள்ளே விடமாட்டார்கள். அதன் பிறகும் ஆண்டுதோறும் உறுதிமொழிப் படிவம் ஒன்றில் ஒப்பமிட வேண்டும். ஆங்கிலம் சரளமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால், இரசாயனப் போத்தலின் எச்சரிக்கைச் சுட்டியை வாசிக்கவும், பதிவேட்டில் இரண்டு வரி தெளிவாக எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். வெளிவளாக வேலையை விரும்புபவர் வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தை இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கொழும்பில் பதினைந்து ஆண்டுகள் மின்சார வேலை செய்தேன். பாடசாலையில் பழுதான மின்குதையை நானே மாற்றலாம்தானே?

மாற்றக் கூடாது. மின்வேலை, குழாய்வேலை ஆகிய இரண்டும் ஒன்ராறியோவில் கட்டாயச் சான்றிதழ் தேவைப்படும் தொழில்கள். உங்கள் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இங்குள்ள உரிமம் இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறந்தால், சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது, சங்கமும் நிற்காது. பொதுப் பராமரிப்பாளருக்கு உரியவை கதவைத் தானாக மூடும் கருவியைச் சரிசெய்தல், காற்று வடிகட்டிகளை மாற்றுதல், அடைபட்ட மலசலகூடத்தைச் சீராக்குதல், தளபாடங்களைத் திருத்துதல் போன்றவை. உங்கள் ஊர் அனுபவத்தைக் கடிதங்களோடு நிரூபித்து உரிமத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதற்குத்தான் நேரத்தைச் செலவிடுவேன்.

காலையில் ஒவ்வொரு நீர்க்குழாயையும் திறந்து ஓடவிடச் சொல்கிறார்கள். இது வீண்விரயம் இல்லையா?

இந்தக் கேள்வியைப் புதியவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். இரவு முழுவதும் குழாய்க்குள் தேங்கி நிற்கும் நீரில், பழைய ஈயப் பற்றுகளிலிருந்தும் பித்தளைப் பொருத்துகளிலிருந்தும் ஈயம் மெல்லக் கரைகிறது. வளரும் மூளைக்கு ஈயம் நஞ்சு என்பதால், பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். ஒன்ராறியோவின் வோக்கேற்றன் ஊரில் 2000 ஆம் ஆண்டு குடிநீர் கிருமிகளால் மாசடைந்து ஏழு பேர் இறந்த பிறகு, பாதுகாப்பான குடிநீருக்கென 2002 இல் தனிச் சட்டம் வந்தது. அதன் கீழ் பாடசாலைகளுக்காக 2007 இல் கொண்டுவரப்பட்டதே 243/07 ஆம் இலக்க ஒழுங்குவிதி. 1990 சனவரிக்கு முன் பொருத்தப்பட்ட குழாய்கள் உள்ள கட்டடத்தில் ஒவ்வொரு பாடசாலை நாளும், பிற்பட்டவற்றில் வாரம் ஒரு முறையும், பிள்ளைகள் வருவதற்கு முன்பே நீரை ஓடவிட வேண்டும். ஒவ்வொரு குழாய்த் தொடரின் கடைசி முனையிலும் குளிர்நீரைக் குறைந்தது ஐந்து நிமிடமும், அதன்பின் மற்றக் குடிநீர்க் குழாய்கள் ஒவ்வொன்றையும் பத்து விநாடியும் திறந்துவிடுவது முறை. ஈயச் சோதனை முடிவுகள் தொடர்ந்து நன்றாக இருந்தால், பழைய கட்டடத்துக்கும் வாரம் ஒரு முறை போதுமாகும்.

நாள், நேரம், பெயர் மூன்றையும் அப்போதே எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரே பேனையால் ஐந்து நாளுக்கும் சேர்த்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பரிசோதகருக்கு அது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

என் மகனின் பாடசாலையில் மார்கழி வந்தால் விளையாட்டுச் சட்டகத்தைக் கயிறு கட்டி மூடிவிடுகிறார்கள். சோம்பலா?

சோம்பல் இல்லை, அம்மா. சறுக்கியும் ஏணியும் நிற்கும் இடத்தில் மரநார் அல்லது மணல் நிரப்பியிருப்பது, விழும் பிள்ளையின் தலைக்கு மெத்தையாக அமைவதற்காகத்தான். ஈரம் ஏறிய மரநார் உறைந்ததும் கொங்கிறீற்றைப் போல இறுகிவிடுகிறது. கனடாவின் விளையாட்டிடத் தரநிர்ணயமான இசற்614 (Z614) இந்த மெத்தைத் தன்மையையே முதன்மையாகக் கொள்வதால், உறைபனிக் காலத்தில் மூடுவது சரியான முடிவு. கோடையிலும் சறுக்கியின் அடியில் மரநார் ஒதுங்கிப் பள்ளமாகியிருந்தால் பாடசாலைக்கு அறிவியுங்கள். உடம்பு நுழைந்து தலை சிக்கக்கூடிய இடைவெளிகளையும், சட்டைக் கயிறு மாட்டக்கூடிய ஆணிமுனைகளையும் எங்கள் ஆட்கள் தேடிப் பார்ப்பார்கள். எனினும், பிள்ளையின் கழுத்தில் தொங்கும் கயிற்றை வீட்டிலேயே கழற்றிவிடுவது உங்கள் பொறுப்பு.

பாடசாலை மைதானம் முழுவதும் மஞ்சள் பூக் களை. மருந்து அடித்தால் ஒரு வாரத்தில் முடியும் வேலையை ஏன் செய்வதில்லை?

சட்டம் விடாது. அழகுக்காகக் களைகொல்லி தெளிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் தடைசெய்யப்பட்டுள்ளது. தொட்டால் தோலைப் புண்ணாக்கும் நச்சுக்கொடி, கொட்டும் குளவிக் கூடு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மஞ்சள் பூவுக்கு இல்லை. வினாகிரிக் கரைசலும் இரும்புச் சேர்வையும் அனுமதிக்கப்பட்டவை என்றாலும், ஏக்கர் கணக்கில் அவற்றைத் தெளிப்பது கட்டுப்படியாகாது.

உண்மையில் களை நோயன்று, நோயின் அறிகுறி. இடைவேளைதோறும் நூற்றுக்கணக்கான கால்கள் மிதிப்பதால் மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் புல்வேர் மூச்சுவிட முடியாது, ஆழ வேரோடும் களைக்கோ அது ஒரு பொருட்டில்லை. துளையிடும் பொறியால் மண் குச்சிகளைப் பிடுங்கி எடுத்து, விதை தூவி, புல்லை ஏழு செண்டிமீற்றருக்குக் குறையாமல் வெட்டுவதே மருந்து. ஆவணிக் கடைசியும் புரட்டாதியும் விதைக்கச் சிறந்த காலம். ஆனால், சரியாக அந்த நேரத்தில்தான் பாடசாலை திறந்து பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். நான் கண்ட ஒரே வழி, மைதானத்தில் பாதியைக் கயிறு கட்டித் தடுத்து, கோல் கம்பங்களை மறுபாதிக்கு மாற்றி, ஒரு வாரமளவில் முளைத்துவிடும் றை (rye) புல்லை விதைப்பதுதான். அதற்கு அதிபரின் சம்மதம் வேண்டும். அதிபரை ஆனி மாதமே சந்தித்துப் பேசிவிடுங்கள். புரட்டாதியில் அவருக்கு உங்களைக் கேட்க நேரம் இருக்காது.

இரவு வேலையில் இருக்கிறேன். பழைய கட்டடம். கூரைத் தட்டொன்று உடைந்து விழுந்தது. கூட்டிவிடலாமா?

தொடாதீர்கள். அந்தத் தட்டிலோ அதன் மேலுள்ள குழாய் உறையிலோ, நுரையீரலுக்குக் கேடான நார்க்கனிமமான அஸ்பெஸ்ரோஸ் இருக்கலாம். கனடா அதைத் தடைசெய்தது 2018 இல்தான். 1980 களுக்கு முந்திய பாடசாலைகளில் ஒன்பது அங்குலச் சதுரத் தரைத்தட்டுகளிலும் அது இருப்பதுண்டு. உடையாமல் கிடக்கும்வரை ஆபத்து மிகக் குறைவு. உலர்ந்த தும்புத்தடியும் சாதாரணத் தூசு உறிஞ்சியும்தான் அதைக் காற்றில் கலக்கின்றன. அறையைப் பூட்டி, கதவில் அறிவித்தல் ஒட்டி, மேற்பார்வையாளரை அழையுங்கள். கட்டடத்தில் எங்கெங்கே அஸ்பெஸ்ரோஸ் இருக்கிறது என்ற பதிவேட்டை உரிமையாளர் வைத்திருக்க வேண்டும் என்று 278/05 ஆம் இலக்க ஒழுங்குவிதி சொல்கிறது. அதைக் கேட்டு வாசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆபத்தான வேலையை மறுக்கவும் உரிமை உண்டு; அதற்காக உங்களைத் தண்டிக்க முடியாது.

உப்பு எவ்வளவு போட்டாலும் பனி உருகுவதில்லையே?

சாதாரண உப்பு மறை 10 பாகை செல்சியசுக்குக் கீழே சோர்ந்துவிடும். முதலில் வழித்துத் தள்ளுங்கள், பிறகு மெல்லியதாகத் தூவுங்கள். கடுங்குளிரில் மணல் அல்லது கல்சியம் குளோரைட் பயன்படுத்துங்கள். பீலியிலிருந்து பகலில் வடிந்து மாலையில் உறையும் நீர்தான் அதிகமானோரைச் சறுக்கி விழுத்துகிறது. தூவிய நேரத்தை எழுதி வையுங்கள். பனியில் விழுந்தவர் நட்டஈடு கேட்டு 60 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்கலாம். அப்போது உங்கள் நினைவைவிட அந்த வரிதான் பேசும்.

ஓய்வூதியம் உண்டா?

உண்டு. ஆசிரியர்களுக்குத் தனி நிதி; எங்களுக்கு ஓமேர்ஸ் (OMERS) எனும் உள்ளூராட்சி, கல்விச்சபை ஊழியர் ஓய்வூதிய நிதி. முழுநேரமல்லாதவர்களும் 2023 முதல் விரும்பினால் உடனே சேரலாம். தற்காலிக வேலைதானே என்று தள்ளிப்போடாதீர்கள்.

சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கும் அரங்கேற்றத்துக்கும் மண்டபம் எடுக்கிறோம். கேர்ரேக்கர் எதற்கெடுத்தாலும் மறுக்கிறார்.

அவர் நிலையிலிருந்தும் பாருங்கள். கற்பூரப் புகை தீ எச்சரிக்கைக் கருவியை எழுப்பினால் தீயணைப்பு வண்டி வரும், மண்டபம் முழுவதும் வெளியே நிற்க வேண்டும். குத்துவிளக்கு ஏற்றுவதாக இருந்தால் மண்டப அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கேளுங்கள். மறுத்தால் மின்விளக்குத் திரி போதும். உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் எண்ணெய் சிந்தினால் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள், சாதாரண ஒட்டுநாடாவை உரித்தால் மேற்பூச்சும் சேர்ந்து வரும். விளக்கின் கீழே தட்டு வையுங்கள், நாடாவுக்குப் பதிலாக நிலைத்தாங்கிகளில் அலங்காரத்தைக் கட்டுங்கள். மண்டபம் ஒன்பது மணிவரை என்றால் எட்டரைக்கே நன்றியுரையைத் தொடங்குங்கள். கதிரைகளை அடுக்க அந்த அரைமணி நேரம் வேண்டும்.