மகனின் டீச்சருக்கு 20 டாலருக்குள் தேங்க்ஸ்கிவிங் பரிசு

வணக்கம் சகோதரி. இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு 20 டாலருக்குள் என்ன கொடுக்கலாம், வீட்டில் சுட்ட முறுக்கு சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள்.

முறுக்கு வேண்டாம். அவருக்கு எது ஒவ்வாது என்று நமக்குத் தெரியாது. காபிக் கோப்பையும் மெழுகுவர்த்தியும் அவரிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும்.

முதலில் மகனை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். வெறும் "நன்றி டீச்சர்" போதாது. கழித்தல் கணக்கு வராதபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது மாதிரி, உண்மையில் நடந்த ஒன்றை அவனே எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதீர்கள். என் மகள் எழுதியதை அவள் டீச்சர் அந்த வருடம் முழுக்க மேசைப் பக்கம் ஒட்டி வைத்திருந்தார். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், கூடவே 15 டாலருக்கு ஒரு டார்கெட் கடை கிஃப்ட் கார்டு. இங்கே அமெரிக்காவில் பல ஆசிரியர்கள் வகுப்புக்கான பென்சில், டிஷ்யூ எல்லாம் சொந்தக் காசில் வாங்குகிறார்கள். அந்தச் செலவில் ஒரு பகுதியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவே அரசு அனுமதிக்கிறது.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வியாழன்தான் என்றாலும் பல பள்ளிகள் புதனே மூடிவிடும். திங்களன்றே பையில் வைத்து அனுப்பிவிடுங்கள்.